தந்தியும் வியர்வையும்: இளம் வீணைக் கலைஞருக்கு ஒரு கடிதம்



வீணையைப் பேணுவது என்றதும் பலாக் குடத்தின் பளபளப்பும் யாளி முகத்தின் வண்ணமுமே முதலில் கவனத்துக்கு வருகின்றன. ஆனால் அக்கருவியில் நாதம் பிறக்கும் இடம் மரம் அன்று, உலோகம். எஃகுத் தந்தி அதிர்கிறது. வெண்கலத்திலோ பித்தளையிலோ செய்த மெட்டு அந்தத் தந்தியின் நீளத்தை வரையறுத்துச் சுரத்தைத் தீர்மானிக்கிறது. குதிரையின் தலையில் பதிக்கப்பட்ட உலோகத் தகடு அந்த அதிர்வுக்கு ஒரு தனிக் குணத்தை ஊட்டிக் குடத்துக்குள் அனுப்புகிறது. மரம் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. மரத்தில் விழும் கீறலை எவரும் உடனே பார்த்துவிடுவர். தந்தியின் அடிப்பக்கத்தில் தொடங்கும் துருவையோ, சுருதி நிற்கவில்லை என்று பிருடையின்மேலும் மெழுகின்மேலும் வானிலையின்மேலும் பழி போட்டு முடித்த பிறகே பலர் தேடிப் பார்க்கின்றனர்.

தஞ்சாவூர் வீணையின் ஏழு தந்திகளில் வாசிப்புக்குரியவை நான்கு. அவற்றுள் சாரணியும் பஞ்சமமும் எஃகு, அதாவது சிறிதளவு கரி சேர்ந்து கடினப்பட்ட இரும்பு. மந்தரமும் அநுமந்தரமும் மரபாகப் பித்தளைக் கம்பிகளாக இருந்து, இன்று பலருடைய கருவியில், எஃகு நடுக்கம்பியின்மேல் செம்புக் கலவைக் கம்பியைச் சுற்றிய தந்திகளாக மாறியுள்ளன. பக்கவாட்டில் ஓடும் மூன்று தாளத் தந்திகளும் எஃகே. இவற்றோடு 24 மெட்டுகள், குதிரையின் தகடு, தாளத் தந்திகளைத் தாங்கும் வளைந்த பக்கக் குதிரை, தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் நாகபாசம், நுண்சுருதி சேர்க்க உதவும் வளையங்கள் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டால், ஒரே கருவியில் இரும்பின் குடும்பமும் செம்பின் குடும்பமும் ஒன்றையொன்று தொட்டபடி வாழ்வது தெரியவரும். முதற் குடும்பத்துக்கு வரும் நோய் துரு. இரண்டாவதற்கு வருவது களிம்பு. துரு ஓர் இடத்தில் ஒட்டி நின்று உலோகத்தைக் காக்காமல் பொருக்காக உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே உள்ளே போகும். பித்தளையின் மேல் படியும் மங்கிய பழுப்பு நிறமோ பெரும்பாலும் தீங்கற்ற படலம். அதன்மேல் பச்சையாகப் பூக்கும் களிம்புதான் கவலைக்குரியது. இந்த வேறுபாட்டை அறியாதவர் மங்கலைக் கண்டு பதறித் தேய்ப்பதும், பச்சையைக் கண்டு அழகென்று விடுவதும் உண்டு.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். வீணைக் கலைஞருக்கு அதில் சேர்த்துப் படிக்க வேண்டிய மூன்றாவது பொருள் உப்பு. வியர்வையில் சாதாரணச் சமையல் உப்பும், லாக்டிக் அமிலமும், யூரியாவும் இருக்கின்றன. நீர் ஆவியாகிப் போன பிறகும் இவை தந்தியின்மேல் தங்கிவிடுகின்றன. காற்றின் ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்ற அளவு, சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்து ஒரு நுண்ணிய உப்புநீர்ப் படலமாகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் அதிகாலைகளில் இந்த எல்லை எளிதாகக் கடக்கப்படுகிறது. ஆகவே மாலையில் வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்த வீணையின் தந்தி, இரவில் ஒருவரும் தொடாமலே மீண்டும் நனைகிறது. உறைக்குள் பத்திரமாக இருந்த கருவி எப்படித் துருப்பிடித்தது என்ற வியப்புக்கு விடை இதுவே.

கேம்பிரிட்ஜில் உலோக அரிமானத்தை ஆராய்ந்த யு. ஆர். எவன்ஸ், இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு உப்புநீர்த் துளியை வைத்து இந்நிகழ்வைக் காட்டினார். துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் மிகுதி, நடுவில் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறு மின்கலம்போல் வேலை செய்ய, இரும்பு கரைவது துளியின் நடுவில் நடக்கிறது, துருவோ இடையில் ஒரு வளையமாகப் படிகிறது. கண்ணுக்குப் படும் செம்மை ஓரிடத்திலும் உண்மையான குழி அதனை அடுத்தும் இருப்பதால், செம்மையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தந்தி சரியாகிவிட்டது என்று நினைப்பது தவறு. அதுபோலவே, இரும்பும் செம்புக் கலவையும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் இரும்பே விரைவாக அழியும். எஃகுத் தந்தி குதிரைத் தகட்டில் அமரும் இடமும், செம்புக் கம்பி சுற்றிய தந்தியின் உட்புறமும் இத்தகைய இடங்கள். சுற்றுத் தந்தியின் இடுக்குகளுக்குள் புகுந்த வியர்வையை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. அத்தந்தி மெல்ல மெல்ல ஒலி மங்கி, அறுபடாமலே பயனற்றுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துருவின் விளைவைத் தோற்றத்தால் அளப்பதைவிடக் கணக்கால் அளப்பது பயன்தரும். 0.30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் கம்பியில் சுற்றிலும் 0.01 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் உலோகம் போய்விட்டால், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்துவிடும். இந்த இழப்பு தந்தி முழுவதும் ஒரே சீராக நேர்ந்தால் சுருதியைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். ஆனால் விரல் அதிகம் படும் இடத்தில் மிகுதியாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் நேர்வதே இயல்பு. அப்போது தந்தியின் ஒரு பகுதி கனமும் மறு பகுதி இலேசுமாகி, வெறுந்தந்தியில் சுருதி சேர்ந்தாலும் மேல் ஸ்தாயி மெட்டுகளில் சுரம் விலகி ஒலிக்கும். கலைஞர் அதை மெட்டின் குற்றமாகக் கருதி, மெட்டுகளை மீண்டும் மெழுகில் பதித்துச் சுருதி சேர்க்கும் மேளம் கட்டும் வேலைக்குக் கருவியை அனுப்பிவிடுவார். புதிய தந்தி ஒன்றைப் பூட்டிப் பார்த்திருந்தால் அந்தச் செலவே வேண்டியிருக்காது.

மெட்டுக்கு நேரும் கேடு இதனினும் பெரிது. துருவின் துகள் பித்தளையைவிடக் கடினமானது. கமகத்துக்காகத் தந்தி மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கப்படும் ஒவ்வொரு முறையும், துருவேறிய தந்தி ஓர் அரம்போல் மெட்டை அறுக்கிறது. நிலையான 24 மெட்டுகளைக் கொண்ட இன்றைய அமைப்பை 17ஆம் நூற்றாண்டின் ரகுநாத நாயக்கர் காலத்தோடும் கோவிந்த தீட்சிதரின் பெயரோடும் மரபு இணைத்துப் பேசுகிறது. மெட்டுகளை இராகத்துக்கேற்ப நகர்த்தும் தேவையை நீக்கிய இந்த ஏற்பாட்டிலேயே, மெட்டில் விழும் பள்ளம் அந்தச் சுரத்தை எல்லா இராகங்களிலும் கெடுக்கும் என்ற விளைவும் அடங்கியிருக்கிறது. தந்தி மலிவு, மெட்டைச் சீவி மேளம் கட்டும் கைத்திறன் அரிது. துருப்பிடித்த தந்தியில் இன்னும் சில வாரம் ஓட்டலாம் என்பது சிக்கனமாகாது.

இனி எண்ணெய்க்கு வரலாம். இதில்தான் வழக்கமும் வேதியியலும் மோதிக்கொள்கின்றன. இடக்கை விரல்கள் தந்தியில் வழுக்கிச் செல்வதற்காகத் தேங்காய் எண்ணெயில் தோய்த்த பஞ்சை அருகில் வைத்துக்கொள்வது வீணைக் கலைஞரின் நெடுநாள் வழக்கம். வாசிப்புக்கு அது இன்றியமையாதது, அதைக் கைவிடச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் அதே எண்ணெய் தந்தியைத் துருவிலிருந்து காக்கிறது என்ற நம்பிக்கை பாதியே உண்மை. உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வியர்வை படிந்த தந்தியின்மேல் எண்ணெயைத் தடவுவதால் உப்பு அகலுவதில்லை, எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில் அடைபட்டுக்கொள்கிறது. மேலும், நாட்பட்ட எண்ணெயில் பிரியும் கொழுப்பு அமிலங்கள் செம்புடன் சேர்ந்து பச்சை நிறமான பிசுபிசுத்த சோப்பு வகைப் பொருளை உண்டாக்குகின்றன. மெட்டுகளின் ஓரத்திலும் மெழுகை ஒட்டிய மூலையிலும் காணப்படும் பசுமையான பிசுக்கு பல வேளைகளில் மழையால் வந்ததன்று, எண்ணெயால் வந்தது. தேன்மெழுகும் எண்ணெயை உறிஞ்சி இளகும் இயல்புடையது. மெட்டுகள் அமர்ந்திருக்கும் மெழுகு இளகினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே எண்ணெய் வாசிப்பின் போது மட்டும் உடனிருக்க வேண்டியது. வாசிப்பு முடிந்ததும் வியர்வையோடு சேர்த்துத் துடைத்தெடுக்கப்பட வேண்டியது.

துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. வாசிக்க அமரும் முன்பே கைகளைச் சோப்பிட்டுக் கழுவி ஈரமின்றி உலர்த்திக்கொண்டால் பாதி உப்பு கருவிக்கு வராமலே போய்விடும். வாசிப்பு முடிந்ததும், பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியால் (பழைய வேட்டித் துண்டு இதற்கு மிகவும் ஏற்றது) ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே சுற்றிப் பிடித்து மேருவிலிருந்து குதிரை வரை இழுக்க வேண்டும். மேற்புறத்தை மட்டும் வருடிவிட்டு நிறுத்துவது போதாது, ஏனெனில் வியர்வைத் துளி தொங்கி நிற்பது தந்தியின் கீழ்ப்புறத்தில்தான். மாதம் ஒருமுறையோ வெப்ப நாட்களில் நீண்ட கச்சேரிக்குப் பின்போ, வாலை வடித்த நீரில் தோய்த்து இயன்றவரை பிழிந்த துணியால் எஃகுத் தந்திகளை ஒருமுறை துடைத்து, அக்கணமே உலர்ந்த துணியால் இருமுறை துடைப்பது உப்பை உண்மையிலேயே அகற்றும். தந்திக்கு நீர் காட்டுவதா என்று மூத்தவர்கள் கடிந்துகொள்ளக்கூடும். அவர்களின் அச்சம் நீரைத் தங்கவிடுவதைப் பற்றியதாயின் முற்றிலும் நியாயமானது. ஆழ்குழாய் நீரில் கரைந்த உப்புகள் இருப்பதால் அதைப் பயன்படுத்தலாகாது. கருவி சில வாரங்கள் வாசிக்கப்படாமல் இருக்கப் போகிறது என்றால் மட்டும், தூய்மையாக்கிய எஃகுத் தந்திகளில், தையல் இயந்திரத்துக்கு இடும் இலேசான கனிம எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு விட்டுத் தடவலாம். அதில் கொழுப்பு அமிலம் இல்லாததால் செம்பைப் பச்சையாக்காது. ஆயினும் மெழுகின்மேல் சிந்தாதபடி தந்திக்கு அடியில் ஒரு காகிதப் பட்டையைச் செருகிக்கொள்வது நல்லது.

ஒருவருடைய வியர்வை மற்றொருவருடையதைப் போன்றதன்று. சிலர் தொட்ட எஃகு சில நாட்களிலேயே சிவந்துவிடுவது இயந்திரத் தொழிற்கூடங்களில் நன்கறியப்பட்ட செய்தி. அத்தகைய கை அமைந்தவர் தம் குருவின் தந்தி எத்தனை மாதம் உழைத்தது என்பதைத் தமக்கு அளவுகோலாகக் கொள்ளாமல், தம் தந்தியைப் பார்த்தே மாற்றும் காலத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

பித்தளைப் பகுதிகளைத் துலக்கும் ஆர்வத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை சற்றுக் கடுமையாகவே இருக்க வேண்டியுள்ளது. குத்துவிளக்கையும் குடத்தையும் புளி கொண்டு துலக்கிப் பழகிய வீடுகளில் மெட்டுகளையும் அவ்வாறே துலக்கத் தோன்றுவது இயற்கை. புளியின் அமிலம் களிம்பைக் கரைப்பதும் உண்மையே. ஆனால் விளக்கைத் துலக்கியதும் நீர்விட்டு அலசலாம். மெழுகில் பதிந்த மெட்டை அலச முடியாது. அமிலமும், புளியோடு உப்பும் சேர்க்கப்பட்டிருந்தால் அவ்வுப்பும், மெட்டுக்கும் மெழுகுக்கும் இடையில் தங்கிவிடும். கடையில் கிடைக்கும் துலக்கு நீர்மங்களில் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் தெளிப்பான்கள் சிலவற்றிலும் உண்டு. இழுவிசையில் இருக்கும் பித்தளைக்கு அம்மோனியா நஞ்சு. ஆங்கிலேயர் ஆட்சிக் கால இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி வைக்கப்பட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. உறைகளை உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய விசையும், குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்தே அவற்றைப் பிளந்தன என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். பித்தளை மந்தரத் தந்தி எந்நேரமும் இழுவிசையிலேயே இருப்பது; ஆகவே அம்மோனியா கலந்த எதுவும் வீணையின் அருகில் வரலாகாது.

ஸ்பிரிட் எனப்படும் சாராயக் கலவை பிசுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் அரக்கு மெருகையும் கரைத்துவிடும். உப்புத்தாளைக் குதிரைத் தகட்டின்மேல் வைப்பது இவற்றுள் எல்லாம் கொடிய பிழை. அத்தகட்டின் மெல்லிய வளைவே நாதத்தின் நீட்சியையும் நிறத்தையும் நிர்ணயிப்பது. பளபளப்புக்காக அதைத் தேய்ப்பவர் தம்மை அறியாமல் கருவியின் குரலை மாற்றுகிறார். அந்த வேலை கருவி செய்யும் ஆசாரியின் கைக்கு மட்டுமே உரியது.

மார்கழிக் கச்சேரிகளின் குளிரூட்டப்பட்ட அரங்கம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அரங்குக்குள் 22 பாகை செல்சியசுக்குக் குளிர்ந்துபோன கருவி, 28 பாகையும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்ட வெளிக்காற்றுக்கு வந்தால், அக்காற்றின் பனிநிலை, அதாவது நீராவி நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையை ஒட்டி இருப்பதால், தந்தியின்மேலும் மெட்டின்மேலும் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். இதற்கு மருந்து எளிது: அரங்குக்குள்ளேயே துடைத்து, உறையிட்டு மூடி, வீடு சேர்ந்தபின் உடனே திறக்காமல், கருவி வெளி வெப்பத்துக்குப் பழகும்வரை ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுதல். நிகழ்ச்சி முடிந்ததும் பாராட்ட வந்தவர்களோடு பேசிக்கொண்டு வீணையைத் திறந்தபடி தாழ்வாரத்தில் கிடத்தும் பழக்கம்தான் மாற வேண்டியது.

ஈரத்தை விரட்ட வேண்டும் என்ற எண்ணம் எல்லை மீறுவதும் உண்டு. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வீணைப் பெட்டிக்குள் நிறையப் போட்டு இறுக மூடினால் எஃகு மகிழும், மரம் வருந்தும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தாலானது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வாழ்வதால், மிகையான வறட்சி அதில் விரிசலையும் பூட்டுகளில் பிளவையும் உண்டாக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, பெரிய ஏற்ற இறக்கமின்றி இருப்பது மரத்துக்கும் உலோகத்துக்கும் இசைவான சமரசம். மலிவான ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, மழைக்காலத்தில் ஓரிரு பொட்டலங்களை மட்டும் பயன்படுத்தி, கோடையில் அவற்றை எடுத்துவிடுவதே தக்கது. பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிய நுரைப்பஞ்சு நாட்பட்டு உதிரத் தொடங்கியிருந்தால் அதை அகற்றிப் பருத்தித் துணி இடுவது, வாங்கக் கிடைக்கும் எந்தப் பாதுகாப்புப் பொருளையும்விட மேலானது.

துருப்பிடிக்காத எஃகில் தந்தி செய்தால் இத்தனை தொல்லையும் இல்லையே என்ற வினா எழும். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த அந்த எஃகு தன் மேற்பரப்பில் தானே ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. எனினும் அதன் நாதம் வேறு, உப்பிலிருந்து அதற்கும் முழு விடுதலை இல்லை. வழக்கமான எஃகுத் தந்திகளில் பலவும் வெள்ளீயம் பூசியவை. அந்தப் பூச்சு முழுமையாக இருக்கும்வரை காக்கும். கமகத்தால் தேய்ந்து ஓரிடத்தில் இரும்பு வெளிப்பட்டால், வெள்ளீயம் தன்னைத் தந்து இரும்பைக் காக்கும் இயல்புடையதன்று என்பதால் அந்த இடமே முதலில் அழியும். நாதத்தில் சமரசம் செய்துகொள்வதைவிடத் தந்தியை உரிய காலத்தில் மாற்றுவதே சரியான தேர்வு.

உடன் வாசிப்போரின் கருவிகளைப் பற்றியும் இளம் கலைஞர் அறிந்திருப்பது நன்று. மோர்சிங்கின் இரும்புச் சட்டமும் எஃகு நாக்கும் எச்சிலில் நனைபவை. வாயில் வைப்பதாகையால் அதற்கு இயந்திர எண்ணெய் ஆகாது, தேங்காய் எண்ணெயே ஏற்றது. துருப்பிடித்த மோர்சிங்கை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுவது ஆபத்து: அமிலம் இரும்போடு வினைபுரியும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும், நாக்கு வாசிக்கும்போதே முறியலாம். நட்டுவாங்கத் தாளத்தின் இணையில் ஒன்று இரும்பும் மற்றது செம்புக் கலவையுமாக இருப்பதால், ஈரக் கையோடு வாசித்தபின் இரண்டையும் ஒரே துணியில் முடிந்து வைத்தால் இரும்புத் தாளமே பலியாகும். தனித்தனியே துடைத்துத் தனித்தனிப் பையில் இட வேண்டும்.

துரு ஏறிவிட்ட தந்திக்கு வைத்தியம் இல்லை. அதைத் தேய்த்து வெளுக்கச் செய்தாலும் குழிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். குறிப்பாகப் பிருடையில் சுற்றும் வளைவிலும் நாகபாசத்தில் மாட்டும் முடிச்சிலும் துரு தெரிந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும், ஏனெனில் வளைவின் விசையும் துருவின் குழியும் கூடும் அவ்விடங்களில்தான் தந்தி மேடையில் அறுகிறது. புதுத் தந்தி இழுபட்டு நிலைகொள்ள நேரம் எடுக்கும் என்பதால் கச்சேரிக்குச் சில நாட்கள் முன்பே பூட்ட வேண்டும். கைவசம் வைத்திருக்கும் மாற்றுத் தந்திச் சுருள்களையும் வெறுங்கையால் அளைந்து காகித உறையில் போட்டு மறந்துவிட்டால், அவை பூட்டப்படுவதற்கு முன்பே துருவேறிவிடும். எஃகுச் சுருள்களை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத சிறு பையில், வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும். பித்தளைச் சுருள்களுக்கு வேறொரு பை.